உடம்புச் சூட்டில் கரையாதது

பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் தாயார், தட்டிலிருந்த சமோசாவைப் பிட்டுக்கொண்டே, "காலேஜ்ல என்ன ஆராய்ச்சி பண்ணுது புள்ள?" என்று கேட்டார். நான் அப்போது முப்பதைத் தொட்டிருந்தேன். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டு, பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். கேட்டவருக்கு விளக்கியே தீர வேண்டும் என்கிற வாத்தியார் புத்தி எனக்கு உண்டு. ஜெலட்டின் என்றால் என்ன, அதன் சங்கிலிகளைக் குறுக்கே கோத்துப் பிடிக்க ஏன் ஒரு ரசாயனம் வேண்டும், அப்படிக் கோத்த ஜெல்லுக்குள் உயிருள்ள செல்களை வளர்த்தால், ஆறாத புண்ணின் மேல் பின்னொரு காலத்தில் தோலாக வைக்கலாம் என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐஸ்கிரீம்ல போடுவாங்களே, அந்த ஜெல்லியா?" என்றார். நான் ஆமாம் என்றேன். அந்த இடம் அமையவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஜெல்லி என்று ஒத்துக்கொண்டதுதான் வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

அத்தா இருந்திருந்தால் புரிந்திருக்கும். அவர் பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு தோல்ஷாப்பில் மேஸ்திரி. அய்யலூர்ச் சந்தையில் கைமாறும் ஆடுகளில் பாதியின் தோலாவது கடைசியில் தன் தொட்டிக்குத்தான் வரும் என்று பெருமையடிப்பார். பச்சைத் தோல் விட்டால் அழுகிவிடும். பட்டைச் சாறு உள்ளே புகுந்து இழைகளைக் கோத்துப் பிடித்துக்கொண்டால் அழுகாது. நான் செய்ததும் அதே கோத்துப் பிடிக்கிற வேலைதான். என் ஜெலட்டினே மாட்டுத் தோலிலிருந்து எடுத்ததுதான். ஆனால் தோல்ஷாப்பில் எதுவும் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமில்லை. என் ஜெல்லுக்குள் செல்கள் உயிரோடு இருந்தாக வேண்டும். இதை அவரிடம் சொல்லிக் காட்ட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், நான் எம்.எஸ்சி. படிக்கும்போதே அவர் மவுத்தாகிவிட்டார். அக்காவைப் பழனிப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அம்மாவும் நானும்தான் மிச்சம்.

அம்மாவுக்குச் சர்க்கரை. வலது காலின் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்து, ஆறுவது போலப் போக்குக் காட்டிவிட்டு மறுபடி வாய் திறக்கும். காலையில் நான் கட்டுப் பிரித்து, கழுவி, புதுத் துணி வைத்துக் கட்டிவிட்டுத்தான் பஸ் பிடிக்கப் போவேன். அந்த நேரத்தில் நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. அவள் கூரையைப் பார்ப்பாள், நான் புண்ணைப் பார்ப்பேன்.

கல்லூரியில் இந்த வேலை தெரிந்தவர் வேறு யாருமில்லை. உடன் வேலை பார்த்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களுக்கு நடத்தி முடிக்கப் பாடம் இருந்தது. வகுப்புகள் முடிந்தபின் ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பேன். சன்னலுக்கு வெளியே பொட்டல், அதற்கு அப்பால் தென்னைகள், அப்புறம் மலை. சில நாட்களில் ரசாயனத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். அந்தப் பெயரைக் கேட்க ஊரில் இரண்டு காதுகள்தான் இருந்தன, இரண்டும் என்னுடையவை.

முதலில் நான் பயன்படுத்தியது குளுட்டரால்டிஹைடு. அது இரண்டு சங்கிலிகளை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு நடுவில் தானும் நின்றுகொள்ளும். கல்யாணத்தை முடித்து வைத்த தரகர் அந்த வீட்டிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்ட கதை. ஜெல் கெட்டியாக, இளமஞ்சளாக வந்தது. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு மேடம், எனக்கு முன்பின் பழக்கமில்லாதவர், பாவம் பார்த்து அதில் செல்களை வளர்த்துப் பார்க்கச் சம்மதித்திருந்தார். எல்லாம் செத்துப்போயின. மிச்சமிருந்த தரகரின் வேலை அது. "வேற லிங்க்கர் மாத்துங்க. உங்களதுக்கு நான் இன்னும் ஒரு தடவைதான் இன்குபேட்டர்ல இடம் ஒதுக்க முடியும், சித்திரைக்குள்ள அனுப்பிடுங்க" என்றார். லிங்க்கர் என்று அவர் சொன்னது அந்தக் கோத்துப் பிடிக்கிற ரசாயனத்தை. என் பதிவுக் காலமும் அந்தக் கோடையோடு முடிகிறது. அதற்குள் செல் பிழைத்ததாக ஒரு முடிவு இல்லையென்றால், அத்தனை வருடமும் நான் நிஜமாகவே ஜெல்லி செய்ததாகத்தான் ஆகும்.

அப்படித்தான் கார்போடைஇமைடு என் வாழ்க்கையில் வந்தது. இது நல்ல தரகர். ஒரு சங்கிலியின் கையையும் இன்னொன்றின் கையையும் நேராகச் சேர்த்து வைத்துவிட்டுத் தான் விலகிக்கொள்ளும். கழுவினால் போய்விடும். பெங்களூரிலிருந்து தெர்மோகோல் பெட்டிக்குள் ஐஸ் வைத்து வந்தது, உள்ளங்கை அளவு வெள்ளைக் குப்பி. உள்ளே உதிரி உதிரியான வெள்ளைத் தூள். இதற்கு ஒரே பகை ஈரம். உறைகுளிரில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் குப்பியின் குளிர் முழுக்கப் போகும்வரை மூடியில் கை வைக்கக் கூடாது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வேர்க்கிறதல்லவா, அப்படிக் குப்பிக்குள்ளும் வேர்த்துவிடும். வேர்த்தால் தூளின் வீரியம் போய்விடும்.

கல்லூரியில் சாயங்காலமானால் காவலாளி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கேட்டைப் பூட்டுவார். அதனால் குப்பி எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு உறைபெட்டிக்குக் குடிவந்தது. கீழே கதவில் அம்மாவின் இன்சுலின், மேலே என் குப்பி. வேலை இருக்கும் நாளில் ஐஸ் போட்ட பிளாஸ்கில் எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவருவேன்.

"இது என்ன மருந்துடி?" என்று அம்மா முதல் நாளே கேட்டாள்.

"புண்ணு ஆறுறதுக்கும்மா" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாயாருக்கு அவ்வளவு விளக்கிய வாய்க்கு அன்றைக்கு அதற்கு மேல் வரவில்லை.

வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு அவல் கிடைத்தது. நான் அம்மாவின் காலுக்கு மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று பக்கத்து வீடுகளில் பேச ஆரம்பித்தார்கள். அம்மா மறுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. அந்த வருடம் பக்ரீத்துக்கு எங்கள் வீட்டுப் பங்குக் கறியைக்கூட அவள் உறைபெட்டியில் வைக்கவில்லை. மருந்து இருக்கிற இடத்தில் கவிச்சி ஆகாது என்று, அன்றைக்குச் சமைத்தது போக எல்லாவற்றையும் கொடுத்தனுப்பிவிட்டாள். எனக்கு அது பயமாக இருந்தது. அவள் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். இந்த ஜெல் எலிக்குப் போய், முயலுக்குப் போய், அப்புறம் மனிதக் காலுக்கு வருவதென்றால் எத்தனை வருடமாகும் என்பது எனக்குத் தெரியும். அவளிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

ஆரம்பத்தில் வேலை நன்றாகவே போனது. வெறும் ஜெலட்டின் ஜில்லென்று இருக்கும்வரை கட்டி நிற்கும், உடம்புச் சூடு பட்டால் ஓடிவிடும். கோத்துப் பிடித்தது ஓடாது. சோதனை ரொம்ப எளிது. சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, உடம்புச் சூட்டு வெந்நீரில் நிறுத்திவைத்து, பிறகு தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். ஓடினால் தோல்வி. முதலில் செய்தவை கவிழ்த்தபடியே நின்றன. நோன்பு திறக்கக் காய்ச்சும் கடல்பாசி இனிப்பைப் போலப் பளபளவென்று, அதைவிடத் தெளிவாக.

அப்புறம்தான் சனியன் பிடித்தது. பங்குனி பிறந்ததும் ஜெல் தளர ஆரம்பித்தது. கவிழ்த்தால் மெல்லச் சரிந்தது. அடுத்த வாரம் சளியைப் போல வழிந்தது. அதற்கடுத்து தண்ணீராகவே கொட்டியது. ஜெலட்டினை மாற்றினேன். காய்ச்சி வடித்த தண்ணீரை மறுபடி வடித்தேன். கரைசலின் புளிப்பைத் திரும்பத் திரும்ப அளந்தேன். குப்பியைப் பார்த்தால் தூள் கட்டி தட்டியிருந்தது, அடைமழையில் உப்பு ஜாடி கசிவது போல. மழைக்காலமாக இருந்தாலாவது புரியும். இதுவோ, காயப்போட்ட துணி பிழிந்த கை காய்வதற்குள் காய்ந்துவிடுகிற திண்டுக்கல் வெயில். கரண்ட் அடிக்கடி போய் வந்துகொண்டிருந்தது. பழியை அதன் மேல் போட்டேன்.

புதுக் குப்பிக்கு எழுதிப் போட்டால் வந்து சேர வாரக்கணக்காகும். சித்திரை கண்ணுக்குத் தெரிந்தது. தினமும் கடைசி ஆளாக ஆய்வுக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பூக்கூடைக்காரம்மாக்களின் நடுவில் உட்கார்ந்திருப்பேன். விலை, மருமகள், மழை என்று அவர்களுக்குப் பேச எவ்வளவோ இருந்தது. "ஏம்மா மூஞ்சி வாடிக் கெடக்கு?" என்று ஒருநாள் ஒரு அம்மா கேட்டார். என்ன சொல்வது? என் ஜெல் நிற்கமாட்டேன் என்கிறது என்றா? "தலைவலி" என்றேன். ஒரு மல்லிகைச் சரத்தைக் கிள்ளிக் கொடுத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். ஒருநாள் விடிவதற்கு முன்னால் நாக்கு வறண்டு விழித்துக்கொண்டேன். நான் சுபுஹு தொழுகைக்கு எழும் ஆள் இல்லை. அந்த நேரத்து வீடு எனக்குத் தெரியாத வீடு. தண்ணீர் குடிக்கலாம் என்று அடுப்படிப் பக்கம் போனேன்.

அம்மா தொழுது முடித்த முக்காட்டோடு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டியிருந்தாள். இடது கையில் என் வெள்ளைக் குப்பி, வலது கையில் அதன் மூடி. உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதி முடித்ததும் குப்பியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் உள்ளே மெதுவாக ஊதினாள். கொஞ்சம் ஓதினாள். மறுபடி ஊதினாள். அவள் மூச்சு பட்டு அந்தக் குளிர்ந்த குப்பியின் கழுத்து வெண்மையாகப் பூத்தது.

எங்களில் இது வழக்கம். அந்தி நேரத்து மக்ரிபு தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளியே வருகிறவர்கள் ஓதி ஊதட்டும் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வாசலில் நிற்பார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் நிற்பார்கள். தண்ணீரோ எண்ணெயோ மருந்தோ, எதுவானாலும் மூடியைத் திறந்துதான் ஊத வேண்டும். மூடியிருந்தால் ஓதியது எப்படி உள்ளே போகும்? அம்மா முறைப்படிதான் செய்தாள். குப்பி வந்த நாளிலிருந்து தினமும் செய்திருக்கிறாள் என்பது அவள் கை போன பழக்கத்திலேயே தெரிந்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று எங்கள் கல்லூரி அட்டெண்டர் அடிக்கடி சொல்வார். அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. ஜெலட்டினையும் தண்ணீரையும் வெயிலையும் கரண்டையும் சந்தேகப்பட்டவள், ஒரு தாயின் வாய்க் காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. குப்பியைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிடுங்கி என்ன சொல்வது? நீ ஓதியதால்தான் மருந்து செத்தது என்று தன் காலுக்காக ஓதிக்கொண்டிருப்பவளிடம் எப்படிச் சொல்வது? தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

காய்ச்சல் விட்டதும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ச் சென்னை மேடத்தைக் கூப்பிட்டேன். "லிங்க்கர் ஈரம் பட்டுப்போச்சு மேடம்" என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தன்னிடம் இருந்ததில் கொஞ்சம் தருவதாகச் சொன்னார். பிளாஸ்கில் ஐஸ் நிரப்பி, மதுரை போகிற ஒரு பஸ்ஸின் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். காலையில் பைபாஸில் நின்று வாங்கி, வீட்டுக்குப் போகாமல் நேராகக் கல்லூரிக்குப் போனேன். வெந்நீர்த் தொட்டி ஆறிவிடாமலிருக்க, காவலாளியிடம் கெஞ்சி அன்றைக்கு மெயினை அணைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் குழாயை வெந்நீரிலிருந்து எடுத்துக் கவிழ்த்தேன். நின்றது. உதறினேன். நின்றது. சத்தம் போட்டு யாரையாவது கூப்பிட வேண்டும் போல இருந்தது. வராந்தாவில் யாருமில்லை. பொட்டலில் இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இவ்வளவு பெரிய சந்தோஷத்தை ஒற்றை ஆளாக வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சென்னைக்கு வேண்டியவற்றை எடுத்து வைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு குழாயைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குழாயை அவள் கையில் கொடுத்தேன்.

"ஆச்சா?" என்றாள்.

"ஆச்சும்மா. செத்த நேரம் கைக்குள்ளயே பொத்தி வச்சிட்டுக் கவுத்துப் பாரு."

உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தாள். அப்புறம் கவிழ்த்தாள். அவள் உடம்புச் சூட்டில் அது அசையாமல் நின்றது. "கடல்பாசி மாதிரியே இருக்கு" என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. "அம்மா, அடுத்த குப்பி வந்தா மூடியத் தெறக்காம ஓதும்மா. காத்துப் பட்டா கெட்டுரும்" என்றேன்.

குழாயைப் பிடித்திருந்த கை இறங்கியது. நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அப்ப நாந்தான் கெடுத்தேனா?"

"இல்லம்மா. கரண்டு போயிப் போயி வந்துச்சுல்ல, அதுல."

எனக்குப் பொய் சொல்ல வராது. அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல்வதைச் சொல்லி முடித்துவிடுவோம் என்று மிச்சத்தையும் சொன்னேன். "இது இப்ப ஒன் காலுக்கு ஆகாதும்மா. மனுசனுக்கு வர்றதுக்கு இன்னும் வருசக் கணக்காகும். நீ பாட்டுக்குக் காலு ஆறணும்னு ஓதிக்கிட்டு இருக்க..."

"காலுக்கா?" என்றாள். "காலுக்கு என்னத்துக்குடி அதுல ஓதப் போறேன். விரல எடுக்கணும்னு டாக்டரு நான் தனியாப் போன அன்னைக்கே சொல்லிட்டாரு. ஒனக்கு ஏதோ பரீச்சை மாதிரி ஓடுதே, அது முடியட்டும்னுதான் வாயத் தெறக்கல."

நான் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் நான் கட்டுப் பிரிக்கும்போது அவள் கூரையைப் பார்த்தது ஏனென்று அப்போதுதான் விளங்கியது.

"காலப் பாக்க ஆசுபத்திரி இருக்கு. அக்கா வருவா. நீ இருக்க" என்றாள். "ஒனக்கு யாரு இருக்கா? தனியாப் போற, தனியா வார. அங்கிட்டு என்ன பண்ணுறன்னு கேக்கக்கூட எனக்குத் தெரியல. அந்தக் குப்பி ஒன்னுதான் என் கைக்கு எட்டுச்சு. எம்புள்ளைக்கு அது கைகூடணும்னு ஊதுனேன். அது இப்பிடி ஆகும்னு நான் என்னத்தக் கண்டேன்."

வெங்காயக் கண் என்று இரண்டு பேருமே சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் குழாயைக் கீழே வைக்காமல் இன்னொரு கையால் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மதுரைக்குக் கூட்டிப்போய் இரண்டு விரல்களை எடுத்தோம். அக்கா வந்திருந்து பார்த்துக்கொண்டாள். ஒரு விரலோடு போயிருக்க வேண்டியதை இவ்வளவு நாள் தள்ளிப்போட்டதற்கு டாக்டர் என்னைத்தான் திட்டினார். வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்த பூத்திலிருந்து சென்னைக்குப் பேசிவிட்டு வந்து, "உயிரோட இருக்காம்மா" என்றேன். "யாரு?" என்றாள் மயக்கம் தெளியாத குரலில். "ஜெல்லுக்குள்ள விட்ட செல்லும்மா." "அல்ஹம்துலில்லாஹ்" என்றுவிட்டுத் தூங்கிப்போனாள். அதன் பிறகு சில வருடங்கள் தடியூன்றி நடமாடினாள். வீட்டுக்கு வந்த ஒவ்வொரு குப்பியின் மேலும் மூடியைத் திறக்காமல் ஊதினாள். அப்படி ஊதுவதில் அவளுக்குத் திருப்தியே இல்லை. "உள்ள போகுமாடி?" என்று சந்தேகத்தோடு கேட்பாள். போகும் என்பேன்.

பட்டம் வாங்கியாயிற்று. இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் கல்லூரிக்கே ஒரு உறைபெட்டி வந்துவிட்டது, மெயினும் அணைவதில்லை. அம்மா போய்விட்டாள். வீட்டில் இப்போது கதவைத் திறக்கவும் பூட்டவும் நான் ஒருத்திதான். குப்பியை வெளியே எடுத்து வைத்தால் குளிர் போகும்வரை காத்திருக்க வேண்டும் என்று மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் அவர்களை டீ குடிக்க அனுப்பிவிடுவேன். எனக்கு ஒழுங்காக ஓத வராது, அம்மாவிடம் காதில் விழுந்தது கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. எனக்காக ஊத இப்போது வீட்டில் ஆள் இல்லை. மூடியைத் திறக்காமல் நானே ஊதிக்கொள்கிறேன்.